கோடையில் உறங்கும் கொதிகலன்: அமெரிக்க வீடுகளில் செய்ய வேண்டியவை

நீராவிக் கொதிகலன் என்றால் நம் தோட்டப்புற மக்களுக்குச் செம்பனை ஆலைதான் நினைவுக்கு வரும். அதை இயக்க, தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும். ஆனால் நியூயார்க், பாஸ்டன் போன்ற அமெரிக்க நகரங்களில் பல பழைய வீடுகளின் நிலவறையிலேயே சிறிய நீராவி பாய்லர் இருக்கிறது. குளிர்காலத்தில் அறைகளை வெப்பமாக்குவது அதுதான். அழுத்தம் மிகக் குறைவு. 15 பவுண்டைத் தொட்டாலே பாதுகாப்பு வால்வு திறந்துவிடும். வேலைக்கோ படிப்புக்கோ அங்கே சென்று பழைய வீட்டில் குடியேறும் நம்மவர்களுக்கு இது முற்றிலும் புதியது.

கோடை வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், "பழைய தண்ணீர் கறுத்துக் கிடக்கிறதே" என்று முழுவதையும் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவது. பாய்லருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. குழாய்த் தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜன்தான் இரும்பை அரிக்கிறது. பலமுறை கொதித்த பழைய தண்ணீரில் அந்தக் காற்று வெளியேறியிருக்கும். பார்க்க அசிங்கம், ஆனால் தீங்கு குறைவு. தண்ணீரை வடித்துவிட்டு ஈரத்தோடு விட்டாலும் துருதான்.

ஆகவே வழக்கமான மட்டத்தில் தண்ணீரை அப்படியே விட்டு, மின்விசையை அடைத்துவிடுவது சாதாரணக் குடும்பத்துக்குப் போதும். சில தொழில்நுட்பர்கள் கோடைக்காகக் கழுத்து வரை நிரப்புவார்கள். அப்படிச் செய்தால் உடனே ஒருமுறை கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கி ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும். குளிர்காலத்தில் இயக்கும் முன் மட்டத்தைக் குறைக்கவும் வேண்டும். மறந்துவிடுவோம் என்றால் சுவிட்சிலேயே ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடலாம்.

கோடையில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பாய்லரின் பக்கவாட்டிலுள்ள அளவுக் கண்ணாடியில் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, சில வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். அடுப்பு எரியவில்லை, ஆவியும் போகவில்லை. அப்படியிருந்தும் மட்டம் இறங்கியிருந்தால் பாய்லரிலோ தரையடியில் ஓடும் திரும்பு குழாயிலோ ஓட்டை இருக்கிறது. மட்டம் ஏறியிருந்தால் தண்ணீர் விடும் வால்வு கசிகிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டையுமே குளிருக்கு முன் சரிசெய்வது நல்லது. ஒழுகும் பாய்லர் ஓயாமல் புதுத் தண்ணீர் கேட்கும். அதுவே அதன் ஆயுளைக் குறைக்கும்.

எண்ணெயில் எரியும் பாய்லரில் இன்னொரு தொல்லை, கரி. அதிலுள்ள கந்தகம் நிலவறை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். எனவே கரியைக் குளிர்காலம் முடிந்தவுடன் சுரண்டி எடுக்க வேண்டும். அடுத்த குளிர் வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. சில வீடுகளில் குளிக்கும் வெந்நீரும் இதே பாய்லரிலிருந்துதான் வரும். அங்கே கோடையிலும் அதை அணைக்க முடியாது, கண்காணிப்பும் நிற்காது.

செப்டம்பரில், குளிர் வருமுன் ஒருமுறை இயக்கிப் பார்ப்பது நல்லது. பழுதிருந்தால் ஆள் கிடைப்பார். புகைபோக்கியில் பறவைக் கூடு இல்லையா, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுப்பு எரியும்போது கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால் உடனே அணைத்துவிட வேண்டும். நன்றாக ஆறும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக் கூடாது. காய்ந்த சூட்டு இரும்பில் குளிர்நீர் பட்டால் அது வெடித்துப் பிளக்கலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதில் கைவைக்கவே வேண்டாம். அது வீட்டுக்காரர் பொறுப்பு. நியூயார்க் நகரில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை வெப்பம் தருவது சட்டப்படி கட்டாயம். பகலில் வெளியே சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால், வீட்டுக்குள் குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும். இல்லையென்றால் 311 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.