சிலிங்குக்கு மேலே ஒழுகும் காற்று: வீட்டுக் காற்றுக் குழாய்களில் கசிவைக் கண்டுபிடிப்பதும் அடைப்பதும்

தண்ணீர்க் குழாய் ஒழுகினால் தரை நனைந்துவிடும், உடனே ஆளைக் கூப்பிடுவோம். காற்றுக் குழாய் ஒழுகினால் பல மாதங்களுக்கு யாருக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் சிலிங்கில் மஞ்சள் கறை தெரியும். குளியலறை மூலையில் கறுப்புப் பூஞ்சை புள்ளி புள்ளியாகப் பூக்கும். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் நம் படுக்கையறையில் மணக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் கொண்டோக்களிலும் புதிய தாமான் வீடுகளிலும் இத்தகைய குறைகளுக்குப் பல நேரங்களில் காரணம் சிலிங்குக்கு மேலே மறைந்திருக்கும் குழாய்தான்.

தோட்டத்து லயன் வீடுகளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகவே விறகடுப்புப் புகை வெளியேறியது. குழாயே கிடையாது, ஆகவே கசிவும் கிடையாது. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைச் சட்டங்களும் இயற்கைக் காற்றையே அடிப்படையாக வைத்தன. அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் சன்னல் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் காற்று தடையின்றி வந்துபோகும் திறப்பு இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் அடுக்குமாடிகளில் சன்னல் இல்லாத குளியலறைகள் வந்தபோது, மின்விசிறி வைத்துக் குழாய் வழியாகக் காற்றை வெளியேற்றும் தேவையும் சேர்ந்தே வந்தது.

நம் வீடுகளில் இருக்கக்கூடிய காற்றுக் குழாய்கள் மூன்று வகை. குளியலறை வெளியேற்று விசிறியின் குழாய், சமையலறை ஹூட்டின் குழாய், சிலிங்குக்குள் மறைத்து வைக்கப்படும் ஏர்கோனின் குழாய். சுவரில் மாட்டும் சாதாரண ஏர்கோனுக்குக் குழாய் இல்லை. அறையில் உள்ள காற்றையே அது திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது செம்புக் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டையை மட்டும்தான். அதைச் சுற்றி அடைத்த புட்டி காய்ந்து உதிர்ந்திருந்தால், வெளிக்காற்றும் கரப்பானும் எறும்பும் அந்த வழியே வரும். புதுப் புட்டியை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது.

ஏர்கோன் குழாயின் கசிவு நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் தனித் தொல்லை தரும். கோலாலம்பூரின் காற்றில் ஈரம் மிக அதிகம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்த ஈரம் நீர்த்துளியாகப் படியும், ஐஸ் தண்ணீர் கிளாஸ் வியர்ப்பதைப் போல. குழாய்க்குள் போகும் காற்று 13 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். இணைப்பில் ஒரு விரல் அகலம் பிளவு இருந்தாலும் அந்த இடம் நாள் முழுக்க வியர்த்துச் சொட்டும். வீட்டுக்காரர் கூரை ஒழுகுவதாக நினைத்து ஓடு மாற்றுபவரைக் கூப்பிடுவார். மழை பெய்யாத நாளிலும் கறை பெரிதாகிறதென்றால், ஏர்கோனின் வடிநீர்க் குழாயையும் காற்றுக் குழாயையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அறையிலிருந்து காற்றைத் திரும்ப இழுக்கும் பக்கத்தில் கசிவு இருந்தால் நிலைமை நேர்மாறு. அங்கே காற்று வெளியேறாது, உள்ளே இழுக்கப்படும். கூரையடியின் சூடு, தூசு, எலிப் புழுக்கையின் நாற்றம் எல்லாம் அறைக்குள் வந்து சேரும். அமெரிக்காவில் வீடு முழுவதற்கும் குழாய் வழியாகக் காற்றை அனுப்புவது பரவலான வழக்கம். அங்கே ஒரு சராசரி வீட்டில் குழாயில் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு கசிவில் வீணாகிறது என்கிறது எனர்ஜி ஸ்டார் எனும் அந்நாட்டு அரசுத் திட்டம். இங்கே குழாயின் நீளம் குறைவு என்றாலும், கசியும் இடத்தில் மின்கட்டணமும் சேர்ந்தே கசிகிறது.

புகைமூட்டக் காலத்தில் இது உடல்நலப் பிரச்சினையாகவே மாறுகிறது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதைக் கிள்ளான் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2019 செப்டம்பரில் சிலாங்கூர் பள்ளிகள் மூடப்பட்டபோது கிள்ளானின் ஜோஹான் செத்தியா அடிக்கடி செய்தியில் அடிபட்டது. அப்படிப்பட்ட நாளில் கதவு, சன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருப்போம். ஆனால் விசிறி எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ, அவ்வளவு காற்று ஏதாவது ஓர் இடுக்கு வழியாக உள்ளே வந்தே தீரும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ முதியவரோ இருந்தால், புகைமூட்ட நாளில் குளியலறை விசிறியைத் தேவையான நேரம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. ஏர்கோன் குழாயின் இழுக்கும் பக்கத்தை அந்தப் பருவம் தொடங்கும் முன்பே அடைத்திருக்க வேண்டும்.

கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. குளியலறை விசிறியைப் போட்டு, கதவைச் சற்றுத் திறந்து வைத்து, ஒரு டிஷ்யூத் தாளை அதன் சட்டத்தில் ஒட்டிப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் விசிறி இழுக்கிறது. விழுந்துவிட்டால் விசிறியில் அழுக்கு அடைத்திருக்கிறது அல்லது குழாய் நசுங்கியிருக்கிறது. அடுத்து, காற்று வெளியே வருகிறதா என்று வெளிச்சுவர்த் திறப்பில் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். உயரமான மாடியில் எட்டிப் பார்த்து ஆபத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம். உள்ளே தாள் ஒட்டுகிறது, வெளியே காற்று வரவில்லை என்றால் அந்தக் காற்று சிலிங்குக்குள்தான் போகிறது.

சிலிங்கின் ஆய்வுத் திறப்பைத் திறந்து டார்ச் லைட் அடித்தால் பாதி விடை கிடைத்துவிடும். கசியும் இணைப்பைச் சுற்றிக் கறுப்புத் தூசு கோடாகப் படிந்திருக்கும். ஹூட் குழாயானால் எண்ணெய்ப் பிசுக்கு வழிந்திருக்கும். ஏர்கோன் குழாய்க்கு நம் வீட்டு ஊதுபத்தியே போதும். மேல்விசிறியை நிறுத்தி, சன்னலை மூடி, ஏர்கோனை ஓடவிட்டு, புகையும் ஊதுபத்தியை இணைப்பின் அருகே மெதுவாக நகர்த்த வேண்டும். குளிர்காற்று போகும் பக்கத்தில் புகை சிதறி ஓடும், இழுக்கும் பக்கத்தில் புகை பிளவுக்குள் நுழையும். பஞ்சு உறையின் மேல் நெருப்பு படாமல் பிடிப்பது முக்கியம். எண்ணெய் படிந்த ஹூட் குழாயின் பக்கம் ஊதுபத்தியைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே மெல்லிய தாள் துண்டோ ஈரக் கையோ போதும்.

இப்படித் தேடும்போது தெரியவரக்கூடிய பெரிய குறை, பிளவு அல்ல. குழாய் வெளிச்சுவர் வரை போகாமலே பாதியில் சிலிங்குக்குள் விடப்பட்டிருப்பதுதான் அது. அதற்கு டேப் ஒட்டிப் பயனில்லை, குழாயை நீட்டி வெளியே இணைக்க வேண்டும்.

பிளவை அடைப்பதற்குப் பலரும் கையில் எடுப்பது சாம்பல் நிறத் துணி டேப். ஆங்கிலத்தில் அதற்குக் குழாயின் பெயரே உண்டு என்றாலும், குழாய்க்கு அது உதவாது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் ஷெர்மன், இயன் வாக்கர் இருவரும் பலவகை அடைப்புப் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். மோசமாகத் தோற்றது துணி டேப்தான். பசை காய்ந்து கழன்றுவிடும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் அலுமினியத் தாள் டேப்பை வாங்குங்கள். பெரிய பிளவுக்கு, தூரிகையால் பூசும் மாஸ்டிக் பசையை ஃபைபர் வலையோடு சேர்த்துப் பூசினால் பல ஆண்டு நிற்கும்.

ஒட்டுவதற்கு முன் தூசையும் பிசுக்கையும் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தில் எந்த டேப்பும் நிற்காது. சுருள் குழாயாக இருந்தால் முதலில் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கி, அதன்மேல் டேப் சுற்ற வேண்டும். தொங்கி வளைந்து கிடக்கும் குழாயை நேராக இழுத்துக் கட்டினாலே விசிறியின் இழுவிசை கூடும். ஏர்கோன் குழாயில் மேலுறையின் கிழிசலையும் மூடாமல் விட்டால், பிளவை அடைத்த பின்னும் வியர்த்துக்கொண்டே இருக்கும். ஹூட் குழாய்க்குப் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தேங்கிய குழாயில் தீப்பற்றினால் அது சிலிங்குக்கே பரவும். உலோகக் குழாயும், சூடு தாங்கும் அடைப்பானும்தான் அதற்கு உரியவை.

மின்சாரத்தை மெயின் சுவிட்ச்சில் நிறுத்திய பிறகே விசிறியைக் கழற்ற வேண்டும். சிலிங் பலகையின் மேல் காலை வைத்தால் கீழே வந்துவிடுவோம். பழைய வீடுகளின் சிலிங் ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கலாம். அதைத் துளைப்பதும் அறுப்பதும் நுரையீரலுக்கு ஆபத்து, தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். கேஸில் ஓடும் தண்ணீர்ச் சூடேற்றி வைத்திருப்போர் அதன் புகைக்குழாயை மட்டும் சொந்தமாகத் தொடக்கூடாது. அதிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூடிய வீட்டில் ஹூட் பலமாக இழுத்தால் அந்தப் புகை உள்ளேயே திரும்பவும் கூடும்.

பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் சாப்பாட்டுக் கடைகளுக்கு மேல்மாடியில் குடியிருப்போருக்குக் கீழேயிருந்து தாளிப்பு வாசனை ஏறிவருவது பழகிப்போன ஒன்று. கொண்டோவிலும் பல வீடுகளின் குழாய்கள் ஒரே புகைத் தண்டில் சேர்ந்தால் இதே கதைதான். விசிறி நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் சிறு மடல் ஒன்று குழாயில் இருக்க வேண்டும். பிசுக்கும் பஞ்சும் படிந்து அது திறந்தபடியே நின்றுவிடும். துடைத்தாலோ மாற்றினாலோ வாசனை பெரும்பாலும் நின்றுவிடும். பொதுத் தண்டிலேயே குறை என்றால் அது தனி வீட்டின் வேலை அல்ல. அடுக்குமாடி நிர்வாகத்தை வரையறுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுச் சொத்தைப் பராமரிப்பது ஜேஎம்பி எனப்படும் கூட்டு நிர்வாகக் குழுவின் அல்லது நிர்வாகக் கழகத்தின் கடமை. புகாரை எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

மேம்பாட்டாளரிடமிருந்து புதிதாக வீடு வாங்கியவர்கள் டேப் வாங்கும் முன் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குக் குறைகளைச் சொந்தச் செலவில் சரிசெய்வது மேம்பாட்டாளரின் பொறுப்பு. எழுத்துப்பூர்வ அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் செய்தாக வேண்டும். வெளியே இணைக்கப்படாத குளியலறைக் குழாயும் ஒரு குறைதான். படம் எடுத்து, தேதியோடு கடிதத்தில் சேருங்கள். பதில் இல்லையென்றால் வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். அந்த 24 மாதங்கள் முடிந்து 12 மாதங்களுக்குள் அங்கே போய்விட வேண்டும்.