நோய் நீங்கிய பின்னர்: பிலிப்பைன்ஸ் மக்களின் 'பினாட்' மருத்துவம்

காய்ச்சல் தணிந்து, நாவில் சுவை திரும்பி, எழுந்து நடமாடத் தொடங்கியதும் 'நோய் தீர்ந்தது' என்று நாம் கூறிவிடுகிறோம். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சிற்றூர் மூதாட்டியர் அங்ஙனம் கூறார். அவர்தம் கணக்கில் நோய்க்கும் நலத்துக்கும் இடையே மற்றொரு நிலை உண்டு. அந்நிலையில் உடலை வருத்தினால் போன நோய் மீண்டு வந்து பற்றும் என்பர். இதனைத் தகாலோக் மொழியினர் 'பினாட்' என்றும், விசாயத் தீவினர் 'புக்காட்' என்றும் வழங்குவர். பிள்ளை பெற்ற தாய்மாரையே இது பெரிதும் தாக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. பாரம் தூக்குதல், குளிர்நீரில் துணி துவைத்தல், காலத்துக்கு முன்னே தலைமுழுகுதல், மனக்கவலை ஆகியன அதற்குக் காரணங்களாம்.

இதற்குரிய மருத்துவத்தில் தலையாயது 'சுவோப்'. விசாயத்தில் இது 'துவோப்' எனப்படும். நோயுற்றவரை அமர்த்திப் போர்வையால் மூடி, மூலிகை கொதிக்கும் பானையின் ஆவியையோ, தணலில் இட்ட நறும்பொருளின் புகையையோ உடலில் படச் செய்வர். நாம் வேது பிடித்தல் என்பதும், பிள்ளைபெற்றவளுக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் இதுவே அன்றோ! புகைக்கு அவர்கள் இடும் 'கமங்யான்' என்னும் பிசினின் பெயர், சாம்பிராணியைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு உறவுடையது. பானையில் இடும் 'லகுண்டி' இலையோ நம் வேலியோரத்து நொச்சியேதான். கொய்யா இலை கொதித்த நீரில் குளிப்பாட்டுதல், 'ஹிலோட்' என்னும் உடற்பிடிப்பு, அடிவயிற்றில் துணிக்கட்டு, இஞ்சிக் கஷாயம், முருங்கைக் கீரையிட்ட கோழிச்சாறு என்று பணிவிடை நீளும். முருங்கையை அவர்கள் 'மலுங்காய்' என்று அழைப்பது நம் செவிக்கு இனிக்கிறது.

1565இல் ஸ்பானியர் ஆட்சி அங்கே வேரூன்றுமுன், தகாலோக் மக்களிடையே 'கத்தலோனான்', விசாயத்தில் 'பபாய்லான்' எனப்பட்ட பூசாரிகளே மருத்துவராகவும் விளங்கினர்; அவருள் பெரும்பாலோர் பெண்டிர். சமயத் துறவியர் அவர்களைப் பேய்வழிபாட்டினர் என்று பழித்து ஒடுக்கினர். ஆயினும் மருத்துவம் அழியவில்லை. மூலிகை விற்போனைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லே திரிந்து 'அல்புலாரியோ' என நாட்டு வைத்தியனுக்குப் பெயராயிற்று.

துறவியர் அனைவரும் பழித்தோர் அல்லர். மொராவிய நாட்டினரான ஜார்ஜ் ஜோசப் காமெல் என்னும் ஏசு சபைத் துறவி 1688இல் மணிலா வந்து மருந்தகம் நடத்தி, தீவுகளின் செடிகொடிகளை வரைந்து எழுதினார். சென்னைக் கோட்டையில் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரௌனோடு அவர் தொடர்பு கொண்டிருந்தார். அவர்தம் குறிப்புகள் இலண்டன் சென்று, ஜான் ரே என்பாரின் தாவர நூலில் 1704இல் பின்னிணைப்பாக வெளிவந்தன. பின்னர், பிலிப்பைன்ஸ் மண்ணின் மைந்தரான பார்தோ தெ தவேரா 1892இல் மூலிகைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

விடுதலை பெற்ற நாட்டின் அரசும் இலைகளை மதித்தது. சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளுள் நொச்சி, பாகல், பூண்டு, கொய்யா ஆகியன இடம்பெற்றன. 1997இல் மரபு மருத்துவத்துக்கெனச் சட்டமும் பிறந்தது. நொச்சி இன்று இருமல் மருந்தாகப் புட்டியில் விற்பனையாகிறது. ஆனால் கண்மூடித்தனமான நம்பிக்கைக்கு இடமில்லை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது சீபு மாகாண ஆளுநரே 'துவோப்' பிடிக்க மக்களைத் தூண்டினார். ஆவி அத்தொற்றைப் போக்கும் என்பதற்குச் சான்றில்லை, சுட்டுப் புண்ணாக்கவும் கூடும் என்று சுகாதாரத் துறை எச்சரித்தது. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சலோ குருதிப்பெருக்கோ கண்டால் அதனைப் 'பினாட்' என்று கருதிப் புகை காட்டிக்கொண்டிருப்பது உயிருக்கே உலை வைக்கும்.

எனினும், அறிஞர்கள் இலையைத் தேடியெடுத்த அளவுக்கு ஓய்வைத் தேடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. இலை பானைக்குள் இருக்கிறது. மருந்தோ அவளை வேலை செய்யவிடாமல் காக்கும் அந்தச் சொல்லிலும் இருக்கிறது. 'பினாட் வரும்' என்று மூதாட்டி ஒருமுறை உரைத்தால், கணவன் குடம் சுமப்பான். நாத்தி துணி துவைப்பாள். சோம்பல் என்னும் பழி அவளைத் தீண்டாது. 'பணிக்குத் தகுதியுடையவர்' என்று மருத்துவர் எழுதித் தரும் ஒரு தாளோடு மறுநாளே மேசைக்கு விரையும் நம்மனோர்க்கு இத்தகைய சொல் ஒன்று இல்லாதது குறையே. ஊரையும் தாயையும் விட்டு வெளி மாநிலம் வந்து, மூன்றாம் மாடி வீட்டில் தனியே பிள்ளை பெற்றெடுக்கும் நம் பெண்களுக்கோ, அச்சொல்லைச் சொல்லவும் ஆளில்லை.

2019இல் அந்நாட்டு அரசு மகப்பேற்று விடுப்பை ஊதியத்தோடு 105 நாட்களாக உயர்த்தியது. அதற்குமுன் இயல்பான பேற்றுக்கு 60 நாட்களே இருந்தன. தனியார் துறையினரும் தாமே தொழில் செய்வோரும் சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் சந்தா செலுத்தி வந்தால்தான் அந்த ஊதியம் கிட்டும். அது செலுத்த இயலாது கூடை சுமந்து மீன் விற்பவளும், பிறர் வீட்டில் துணி துவைப்பவளும் இன்றும் மூதாட்டியின் சொல்லை நம்பியே படுத்திருக்கிறார்கள்.