அறுந்தால் தானே பிடிக்கும் பிரேக்: ரயிலிலிருந்து கேரவன் வரை

காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சக்கர வீடு கேரவன் எனப்படும். (படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டியையும் நாம் கேரவன் என்கிறோம். இங்கே பேசப்படுவது தனக்கென்று எஞ்சின் இல்லாத இழுவை வண்டி.) ஓடும்போது கொக்கி கழன்றுவிட்டால், ஓட்டுநர் இல்லாத அந்த வீடு தானாகவே பிரேக் பிடித்து நிற்க வேண்டும். இதற்காக உள்ள அமைப்பே பிரேக்அவே பிரேக். கேரவனில் இது சிறு பாகம்தான். ஆனால் இதன் அடிப்படை எண்ணம் ரயில்பாதையில் பிறந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் பெரியது.

காற்றுப் பிரேக்கின் இரண்டு வடிவங்கள்

தொடக்க கால ரயில்களில் எஞ்சினுக்கு ஒரு பிரேக் இருந்தது. பெட்டிகளில் ஆங்காங்கே ஆட்கள் நின்று கையால் சக்கரம் சுற்றிப் பிரேக் பிடித்தார்கள். அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் அழுத்தக் காற்றால் இயங்கும் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினில் காற்றுத் தொட்டி; அங்கிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு குழாய். ஓட்டுநர் காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குழாய் அறுந்தால் காற்று வெளியேறிவிடும்; பிரேக்கே இல்லை. பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும்.

1872-இல் வெஸ்டிங்ஹவுஸ் இதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறு காற்றுத் தொட்டியும், டிரிப்பிள் வால்வு என்ற கருவியும் வைத்தார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் வால்வு திறந்து, பெட்டியின் சொந்தத் தொட்டியிலுள்ள காற்று பிரேக்கைப் பிடிக்கச் செய்யும். ஓட்டுநர் குறைத்தாலும் சரி, குழாய் அறுந்தாலும் சரி, விளைவு ஒன்றே. பிரேக் பிடிக்க யாரும் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. அனுப்புவது நின்றாலே போதும். மாணவர்கள் இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் மீதிக் கட்டுரை எளிது.

வெற்றிடத்தால் இயங்கும் பிரேக்கிலும் இதே இரண்டு வகைகள் உண்டு. சாதாரண வகையில் வெற்றிடம் உண்டானால் பிரேக் பிடிக்கும். தானியங்கி வகையில் வெற்றிடம் கலைந்தால் பிடிக்கும். பிரிட்டனில் ரயில் நிறுவனங்கள் பல சாதாரண வகையிலேயே திருப்தி அடைந்தன. அது மலிவு. தானியங்கி வகையை ஏற்கும்படி அரசின் வர்த்தகத் துறை ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தியது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

அர்மா, 1889

1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து ஒரு சுற்றுலா ரயில் கடற்கரை ஊரான வாரன்பாயிண்டுக்குப் புறப்பட்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோர்களுமாகச் சுமார் 940 பேர். 15 பெட்டிகள். ஊரைத் தாண்டியதும் 75 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றம். எஞ்சின் மேட்டின் உச்சியை நெருங்கி, அதற்குமேல் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது.

ரயிலை இரண்டாகப் பிரித்து, முன் பெட்டிகள் ஐந்தை அடுத்த நிலையத்தில் விட்டுவிட்டு, மீதியை எடுக்கத் திரும்பி வரலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த ரயிலில் இருந்தது சாதாரண வெற்றிடப் பிரேக். இணைப்பைக் கழற்றிய நொடியிலேயே பின்னாலிருந்த 10 பெட்டிகளுக்கும் அந்தப் பிரேக் இல்லாமல் போயிற்று. கடைசிப் பெட்டியின் கைப் பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களுமே அவற்றைத் தாங்கி நின்றன. முன்பகுதி நகரத் தொடங்கும்போது சற்றே பின்னுக்கு உருண்டு பின்பகுதியை இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருண்டு, ஏறத்தாழ ஒன்றரை மைல் தொலைவு வேகம் கூடிக்கொண்டே போய், பின்னால் வந்துகொண்டிருந்த அடுத்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தனர். 260 பேர் அளவில் காயமடைந்தனர். இறந்தவர்களில் பலர் சிறுவர் சிறுமியர்.

பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற ஆசிரியர் எவராலும் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க முடியாது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பயணிகள் ரயில் முழுவதற்கும் பொதுவான, தானியங்கிப் பிரேக் இருந்தே தீரவேண்டும் என்றாயிற்று. ஆண்டுக்கணக்கில் இழுபட்ட விஷயம் மூன்று மாதத்துக்குள் முடிந்தது. இந்திய ரயில்களிலும் நெடுங்காலம் தானியங்கி வெற்றிடப் பிரேக்கே வழக்கில் இருந்து, பிறகு காற்றுப் பிரேக் வந்தது. நம் ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பதும் இந்த முறைதான்: குழாயின் நிலை கலைகிறது, பிரேக் பிடிக்கிறது.

சாலைக்கு வந்த வீடு

உல்லாசப் பயணத்துக்கென்று கேரவன் செய்துகொண்ட முன்னோடிகளில் ஒருவர் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ். 1885-இல் ‘வாண்டரர்’ என்ற தம் குதிரை வண்டியில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை சென்றார். காரால் இழுக்கப்படும் கேரவன்களை பர்மிங்ஹாமின் எக்கிள்ஸ் நிறுவனம் 1919-இலேயே விற்பனைக்குத் தயாரித்தது. கார்களின் வேகமும் கேரவன்களின் எடையும் கூடக்கூட, கழன்றால் என்ன ஆகும் என்ற அர்மாவின் கேள்வி சாலைக்கும் வந்தது.

பிரிட்டனும் ஐரோப்பாவும் இயந்திர வழியில் விடை கண்டன. கார் வேகம் குறைக்கும்போது கேரவன் முன்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளுவிசையே அதன் பிரேக்கை இயக்கும். கைப் பிரேக்கிலிருந்து ஒரு மெல்லிய எஃகுக் கம்பி காரில் மாட்டப்படும். கொக்கி கழன்றால் கம்பி கைப் பிரேக்கை இழுத்துவிட்டுத் தானும் அறுந்துவிடும். மின்சாரம் தேவையில்லை.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கனமான கேரவன்களில் மின்காந்தப் பிரேக் பரவலானது. இவற்றில் பிளாஸ்டிக் பின் சொருகிய ஒரு சுவிட்ச் இருக்கும். பின்னிலிருந்து ஒரு கம்பி காருக்குப் போகும். வண்டி பிரிந்தால் பின் உருவப்பட்டு, கேரவனில் உள்ள 12 வோல்ட் பேட்டரியின் முழு மின்சாரமும் பிரேக்குக்குப் பாயும்.

என் பார்வையில் இது வரலாற்றில் ஒரு படி பின்னே சென்ற ஏற்பாடு. வெஸ்டிங்ஹவுஸின் 1872 முறையில், இருப்பது இல்லாமல் போனால் பிரேக் பிடிக்கும். இங்கே பேட்டரியில் மின்சாரம் இருந்தால்தான் பிடிக்கும். செத்த பேட்டரி எந்தச் சத்தமும் போடாது. இழுத்துச் செல்லும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். நம் ஊர் லாரியில் காற்று இறங்கிவிட்டால் வண்டி நகர மறுத்துத் தன் குறையைத் தானே சொல்லும். இந்தக் கேரவன் சொல்லாது. அதனால்தான் இதில் சோதனை இவ்வளவு முக்கியம்.

பழுதும் பராமரிப்பும்

பிரிந்த வண்டியின் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளும், 2 டன்னுக்கு மேற்பட்ட இழுவை வண்டிகளுக்கு ஆஸ்திரேலிய விதிகளும் சொல்கின்றன. இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தின் மின்காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12. கால் மணி நேரத்துக்கு 3 ஆம்பியர்-மணி. 5 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருக்கும்போது போதும். ஆனால் அந்த 5 என்பது மெதுவாகச் செலவழித்தால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் குறையும். சில ஆண்டுகள் பழகிய பேட்டரியில் பாதிகூட இல்லாமல் போகலாம். மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12-க்குக் கீழே வந்தால் சார்ஜ் ஏற்றிப் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் மாற்ற வேண்டும்.

சோதிக்கும்போது முதலில் காருக்கும் கேரவனுக்கும் இடையிலுள்ள மின்பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் காரிலுள்ள பிரேக் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் திரும்பிப் பாய்ந்து அதைக் கெடுக்கக்கூடும். பிறகு பின்னை உருவி, காரை மிக மெதுவாக முன்னே நகர்த்தினால் கேரவன் சக்கரங்கள் சுழல மறுக்க வேண்டும். சுழன்றால் பேட்டரி, துருப்பிடித்த எர்த் இணைப்பு, ஈரம் புகுந்த சுவிட்ச் என்ற வரிசையில் பார்ப்பது வழக்கம். மழையிலும் சேற்றிலும் கிடக்கும் சுவிட்சில் பின்னே இறுகிப்போவதும் உண்டு.

கம்பியை மாட்டும் இடத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. காரின் கொக்கிக் குண்டிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டினால், குண்டு கழன்றுவரும்போதோ சங்கிலி அறும்போதோ கம்பியும் கூடவே போய்விடும், எதையும் இழுக்காது. காரின் உடலோடு சேர்ந்த தனி வளையத்தில் மாட்ட வேண்டும். நீளம் கூடினால் தரையில் உரசித் தேயும். குறைந்தால் வளைவில் திரும்பும்போதே பிரேக் பிடித்துவிடும்.

சோதனை முடிந்ததும் பின்னை உடனே திரும்பச் சொருகிவிட வேண்டும். மறந்து விட்டால் மின்காந்தங்கள் சூடேறும்; பேட்டரியும் காலியாகி, அடுத்த பயணத்துக்கு அது இல்லாமல் போகும்.