"உட்கார்" என்றால் எழுந்திருக்கும் குழந்தைகள்

எல்லா வகுப்பிலும் இப்படி ஒரு மாணவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாடம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆவதற்குள் அவனுடைய பென்சில் கீழே விழும். அதை எடுக்கக் குனிந்தவன் பின்வரிசைக்குப் போய்ச் சேருவான். ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்னரே விடையைச் சொல்லிவிடுவான். கணக்கில் பாதியைச் சரியாகப் போட்டிருப்பான். மீதிப் பாதியைப் பற்றி அவனுக்கு நினைவே இராது. "மூளை இருக்கிறது, அடக்கந்தான் இல்லை" என்பார் ஆசிரியர். "எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது" என்பார் தாயார்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் என் பக்கத்து இடம் அப்படி ஒருவனுடையது. ஆனால் ஆண்டில் பாதி நாட்களை அவன் வகுப்பறை வாசலில் நின்றே கழித்தான். எட்டாம் வகுப்புடன் அவன் படிப்பு நின்றுவிட்டது. ஓடாத மின்விசிறியைக் கொடுத்தால் சாயங்காலத்திற்குள் ஓட வைத்துவிடுவான்; பள்ளிக்கூடத்தில் மட்டும் அவனால் ஒன்றும் ஓடவில்லை. அவனுக்கு இருந்தது இன்னதுதான் என்று இப்போது நான் சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய குழந்தைகளை அறிவியல் எப்படிப் புரிந்துகொண்டது என்ற வரலாற்றைப் படித்தபோது, அவன் முகந்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பிரம்பும் பலிக்காது, கெஞ்சலும் பலிக்காது

1798ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மனக்கோளாறுகளைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதில் கவனம் என்ற மன ஆற்றலுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியிருந்தார். சிலருக்கு எந்தப் பொருளிலும் மனத்தைத் தொடர்ந்து நிறுத்த இயலாமை பிறவியிலேயே அமைகிறது என்றும், வயது ஏற ஏற அது பெரும்பாலும் குறைகிறது என்றும் அவர் எழுதினார். வறண்ட இலக்கணப் பாடத்தில் சில மாணவரின் கவனத்தைப் பிரம்பின் அச்சத்தாலும் திருப்ப முடியாது, அன்பான வேண்டுகோளாலும் திருப்ப முடியாது என்பதையும் அவர் குறிப்பிட்டார். அந்நாளில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அரச மருத்துவர் கல்லூரியில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். தாம் கண்ட 43 குழந்தைகளைப் பற்றி அவற்றில் விவரித்தார். அவர்களில் பலர் அறிவுக் குறை இல்லாதவர்கள். ஆயினும் அவர்களால் தங்களை அடக்கிக்கொள்ள முடியவில்லை. தண்டனை பெற்ற பின்னும் அதே தவறைச் செய்தனர். ஸ்டில் இதற்கு "ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை" என்று பெயரிட்டார். பெயர் கடுமையானதே. எனினும் இக்குறைக்கு உடலில் காரணம் இருக்கலாம் என்று அவர் கருதியது ஒரு முன்னேற்றமாகும்.

முதல் உலகப் போரின் பிற்பகுதியிலிருந்து, நோயாளியை நீண்ட உறக்கத்தில் ஆழ்த்தும் ஒருவகை மூளை அழற்சி நோய் பல நாடுகளில் பரவியது. அதிலிருந்து பிழைத்த குழந்தைகள் பலர் முன்பு அமைதியாக இருந்தவர்கள். பிழைத்த பின்னர் ஓரிடத்தில் நிற்காதவர்களாக மாறினர். மூளையில் நேரும் மாறுதல் நடத்தையை மாற்றக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று. ஆனால் இதிலிருந்து ஒரு தவறான முடிவும் பிறந்தது. துறுதுறுப்பான குழந்தைகள் எல்லாருக்குமே மூளையில் சிறு காயம் இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அத்தகைய காயம் எதுவும் பெரும்பாலோரிடம் காணப்படாமையால், 1960களில் அக்கருத்து தளர்ந்தது.

தற்செயலாகக் கிடைத்த மாத்திரை

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், மனநலம் குன்றிய குழந்தைகளுக்கென 1931இல் ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய டாக்டர் சார்லஸ் பிராட்லி, மூளையைப் படம் பிடிப்பதற்காக முதுகுத்தண்டு நீரை வெளியேற்றிக் காற்றைச் செலுத்தும் சோதனையைச் செய்துவந்தார். சோதனைக்குப் பின் குழந்தைகளுக்குக் கடுந்தலைவலி உண்டாகும். அந்த நீர் விரைவில் ஊறினால் வலி தணியும் என்று எண்ணி, பென்சிட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார்.

தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சில குழந்தைகள் வகுப்பில் திடீரெனப் பொறுமையாகப் படிக்கத் தொடங்கியதை ஆசிரியர்கள் கவனித்துச் சொன்னார்கள்! பிராட்லி 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்து, முடிவுகளை 1937இல் வெளியிட்டார். 14 பேரின் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. குழந்தைகளே அதைக் "கணக்கு மாத்திரை" என்று அழைத்தனராம்.

ஊக்க மருந்து எப்படி அமைதி தரும்? கவனத்தையும் தன்னடக்கத்தையும் ஆளும் மூளைப் பகுதிகளில், டோபமின் முதலான வேதிப்பொருள்கள் வழியே செய்திகள் செல்கின்றன. மருந்து அந்தச் செய்திப் போக்கை வலுப்படுத்துகிறது என்பது இன்றைய விளக்கம். 1944இல் உருவாக்கப்பட்டு 1950களில் விற்பனைக்கு வந்த ரிட்டாலின் என்ற மருந்தும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆனால் பிராட்லியின் குறிப்புகளில் இன்னொரு செய்தியும் இருந்தது. மருந்தை நிறுத்திய அன்றே முன்னேற்றமும் மறைந்தது. குழந்தை கற்றுக்கொள்வதற்கான வாய்ப்பை மாத்திரை தரலாம். எதைக் கற்க வேண்டும் என்பதை மாத்திரை சொல்லிக் கொடுக்காது.

மேசை மேல் ஒரு சிறு விளக்கு

அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க முன்வந்தவர்கள் உளவியல் அறிஞர்கள். நல்ல விளைவைத் தரும் செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்பதை ஹார்வர்டு அறிஞர் ஸ்கின்னர் விலங்குகளைக் கொண்டு காட்டியிருந்தார். ஆரெகன் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு பேட்டர்சன் இதை ஒரு வகுப்பறையில் பயன்படுத்திப் பார்த்து, 1965இல் எழுதினார்.

ஓயாது அலைந்த ஒரு சிறுவனின் மேசை மேல் விளக்குப் பொருத்திய சிறு பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. அவன் சிறிது நேரம், அதாவது சில நொடிகள், பாடத்தில் கவனமாக இருந்தால் விளக்கு ஒருமுறை மின்னும். ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு மிட்டாயோ ஒரு காசோ சேரும். சேர்ந்ததை வகுப்பு முழுவதும் பகிர்ந்துகொள்ளும். இதனால் அதுவரை அவனைப் பார்த்துச் சிரித்த தோழர்கள், அவன் வெற்றி பெற வேண்டும் என்று விரும்பத் தொடங்கினர். அவனுடைய அலைச்சலும் குறைந்தது.

ஊஞ்சலை ஆட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டல்லவா? ஊஞ்சல் திரும்பும் தறுவாயில் ஒரு விரலால் தொட்டுத் தள்ளினாலும் வீச்சு பெருகும். தப்பான நேரத்தில் இரு கைகளாலும் தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடும். கவனக் குறைபாடு உள்ள குழந்தைக்கும் இதுவே விதி. "முழு ஆண்டுத் தேர்வில் தேறினால் சைக்கிள்" என்பது பெரிய பரிசுதான். ஆனால் அது அவனுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கு முடிந்தவுடன் கிடைக்கும் ஒரு பாராட்டு சிறியதாயினும் உரிய நேரத்தில் வந்து சேருகிறது.

ஆசிரியர் விழும் பொறி

1968இல் மேட்சன், பெக்கர் முதலியோர் வெளியிட்ட ஓர் ஆய்வு ஒவ்வோர் ஆசிரியரும் அறிய வேண்டியது. முதல் வகுப்புக் குழந்தைகள் இடத்தை விட்டு எழுவதை அவர்கள் எண்ணினர். பிறகு, வழக்கத்தைவிட அதிக முறை "உட்கார்" என்று சொல்லும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டனர். விளைவு என்ன தெரியுமா? எழுந்து நிற்பது கூடியது! உட்கார்ந்து வேலை செய்யும் குழந்தையைப் பாராட்டத் தொடங்கியபோதுதான் அது குறைந்தது.

காரணம் எளிது. "உட்கார்" என்றதும் குழந்தை அந்தக் கணம் உட்காருகிறது. ஆசிரியர் தம் சொல் பலித்ததாக மகிழ்கிறார். ஆனால் எழுந்து நின்றால்தான் ஆசிரியரின் கவனம் கிடைக்கும் என்பதைக் குழந்தையும் கற்றுக்கொள்கிறது. பார்க்கப் போனால், இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஆய்வு சாதாரணக் குழந்தைகளைக் கொண்டு நடந்தது. ஆயினும் இதே வழி துறுதுறுப்பு மிக்க குழந்தைகளுக்கும் உதவியது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் டேனியல் ஓலியரி குழுவினர், 1976இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எளிய சீட்டைப் பயன்படுத்தினர். அன்றாடம் குழந்தை செய்ய வேண்டிய இரண்டொரு செயல்களை ஆசிரியர் அதில் குறிப்பார்; செய்து முடித்தவற்றுக்கு அடையாளமிட்டு அனுப்புவார். வீட்டில் பெற்றோர் அதைப் பார்த்து அன்றைக்கே சிறு பரிசு தருவார்கள். சீட்டுப் பெற்ற குழந்தைகளின் நடத்தை, பெறாதவர்களைவிடத் திருந்தியது. கண்டிப்பதிலும் முறை உண்டு என்று அதே ஓலியரி 1970இலேயே காட்டியிருந்தார். வகுப்பே கேட்கும்படி அதட்டுவதைவிட, அருகில் சென்று அந்தக் குழந்தைக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது பெரும்பாலும் அதிகப் பலன் தந்தது.

பெயர் மாறியது, பார்வையும் மாறியது

1972இல் கனடா அறிஞர் வர்ஜீனியா டக்ளஸ், ஓட்டத்தைவிட முக்கியமானது கவனத்தை நிறுத்த இயலாமையே என்று எடுத்துக்காட்டினார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் "கவனக் குறைபாடு" என்ற பெயரை ஏற்றது. 1987இல் "மிகை இயக்கம்" என்பதும் அப்பெயரில் சேர்ந்தது. இது பெரிதும் மரபுவழி வரும் இயல்பு என்றும், வளர்ப்பின் குற்றமோ பிள்ளையின் திமிரோ இதற்குக் காரணமல்ல என்றும் இன்று அறிகிறோம்.

1999இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 579 குழந்தைகளுக்கு 14 மாதங்கள் சிகிச்சை அளிக்கப்பட்டது. கவனக் குறைவையும் துறுதுறுப்பையும் குறைப்பதில், நன்கு கண்காணித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியைவிட மேலாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. ஆனால் 2007இல் வெளியான முடிவுகளின்படி, மூன்றாண்டுகளுக்குப் பின் இக்குழுக்களுக்கிடையே வேறுபாடு மறைந்துவிட்டது. சில மாத முயற்சியோடு முடிந்துபோகும் காரியம் அன்று இது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

குறும்பு செய்யும் பிள்ளைகள் எல்லாருக்கும் இக்குறைபாடு இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அறிகுறிகள் ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்; மருந்தும் அவர் சொற்படிதான். நமது நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. கிரைட்டன் 1798இலேயே பயனற்றதென்று கண்ட பிரம்பு, சட்டப்படியும் விலக்கப்பட்டுவிட்டது.

நீங்கள் ஆசிரியராகவோ, பெற்றோராகவோ, தம்பிக்குப் பாடம் சொல்லித்தரும் அண்ணனாகவோ இருக்கலாம். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். அந்தப் பிள்ளையை எத்தனை முறை அதட்டினீர்கள் என்று இடப்பக்கமும், அவன் ஒழுங்காக ஏதேனும் செய்தபோது எத்தனை முறை அதைச் சொல்லிப் பாராட்டினீர்கள் என்று வலப்பக்கமும் ஒரு நாள் முழுவதும் குறித்து வாருங்கள். நான் என் ஆய்வுக்கூட வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். இடப்பக்கம் நிறைந்து கிடந்தது. வலப்பக்கத்தில் இரண்டே கோடுகள். வாசலில் நின்ற என் நண்பனுக்கு அந்த இரண்டு கோடுகள்கூடக் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.