சோளக்காட்டைச் சுற்றிய சேலை

மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் பருவத்தில் உப்பிலியபுரத்திலிருந்து பச்சைமலை அடிவாரத்துப் பக்கம் போனால், சோளக்காட்டைச் சுற்றிச் சேலை கட்டியிருப்பதைப் பார்க்கலாம். குச்சிக்குக் குச்சி இழுத்து முடிந்த சேலைகள். சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை, ஊதா. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் திருவிழாத் தோரணம் போலத் தெரியும். அது காட்டுப்பன்றிக்குப் போட்ட வேலி.

அந்த வேலியில் நீலத்தில் வெள்ளைப்பூ போட்ட பூனம் சேலை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எப்படி இங்கே வந்தது? ஒவ்வொரு சேலைக்கும் ஆளும் ஊரும் மாறும், வழி பெரும்பாலும் இதுதான்.

பூனம் சேலையின் நூல் செடியில் விளைந்ததல்ல. பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியஸ்டர். குஜராத்தின் சூரத்தில் தறியிலிருந்து இறங்கி, சாயம் ஏறி, கட்டுக்கட்டாகத் தெற்கே வரும். திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டிய என்.எஸ்.பி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்துக்குள் புகுந்து, விரித்துப் பார்த்து, முந்தானையைத் தோளில் போட்டுப் பார்த்து, ஒருவர் அதை வாங்கியிருப்பார். இல்லையென்றால் துறையூர்க் கடையில்.

நூல் சேலையை விட்டுவிட்டு நம் பெண்கள் பூனத்துக்குப் போனதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். காலையில் வெங்காயக் களையெடுக்கப் போய், மாலையில் வந்து அடுப்பு மூட்டுகிறவருக்கு, கஞ்சி போட்டு இஸ்திரி தேய்க்க எங்கே நேரம்? பூனம் சேலையை அலசிக் கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். சாயம் போகாது, சுருங்காது, விலையும் குறைவு. உழைக்கிற உடம்புக்கு அது செய்த உதவி பெரிது.

ஆனால் பழசானபின் அதற்கு வீட்டில் வேலை இல்லை. நூல் சேலைக்கு இருந்தது. கட்டிக் கட்டி மெத்தென்று ஆன சேலைதான் குழந்தைக்குத் தூளி. தூளி நைந்தால் பாதி சும்மாடு, பாதி அடுப்படியில் கரித்துணி. கடைசித் துண்டு விளக்குக்குத் திரியாகும், அல்லது குப்பைக்குழி வழியாக வயலுக்கே எருவோடு போகும். பூனம் தண்ணீரை உறிஞ்சாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும். திரியாகாது. அதனால் வீடு அதை வெளியே அனுப்புகிறது.

வெளியே காத்திருப்பவர் பாத்திரக்காரர். தலையில் அன்னக்கூடையும் எவர்சில்வர் கிண்ணமும் பிளாஸ்டிக் குடமும், தோளில் துணி மூட்டையுமாக வருவார். சிலர் இப்போது டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்தால் பேரம் தொடங்கும்.

“நாலு சேலைக்கு இந்தக் கிண்ணமா? நல்லாருக்கே நியாயம்.”

“அக்கா, ஓரத்தைப் பாருங்க, கிழிஞ்சிருக்கு. இன்னும் ஒரு பேண்ட் சேத்துப் போடுங்க, அன்னக்கூடையே எடுத்துக்கங்க.”

மதியம்வரை நடக்கும் இந்த வழக்கை நான் மரியாதையோடு பார்க்கிறேன். இதில் கொடுப்பவர் வள்ளல் இல்லை, வாங்குபவர் இரவலர் இல்லை. பழந்துணிக்கு விலை உண்டு என்று இருவரும் ஒத்துக்கொண்ட இடம் அது. இதே வியாபாரத்தில் வாழும் வாக்ரி சமூகத்துப் பெண்கள் டெல்லியில் தெருத்தெருவாகப் பாத்திரம் கொடுத்துத் துணி வாங்குகிறார்கள். அங்கே ரகுபீர் நகரில் பொழுது விடியுமுன்னே பழந்துணிக்கென்று தனிச் சந்தையே கூடுகிறது.

சும்மா கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரைக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கிழிந்ததும் கறைபட்டதும் அதில் ஏராளம். எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவக் குடும்பங்களும் அதைத் தொடவில்லை. சாலையோரங்களில் குவிந்து கிடந்து நனைந்தது. நாம் உடுத்தக் கூசுவதை இன்னொருவர் உடுத்துவார் என்று நினைத்ததுதான் தவறு. 1999-ல் 67 துணிகளோடு டெல்லியில் ‘கூஞ்ச்’ அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்குக் கிணறு வெட்டி, பாதை போட்டு, அந்த உழைப்புக்கு ஈடாகத் துணியை வாங்கிக்கொள்ளும் முறையை அவர் கொண்டுவந்தார். 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நம் பாத்திரக்காரர் திண்ணையில் செய்வதும் இந்த ஈட்டு முறைதான்.

மூட்டை பிரிந்தபின் துணிகள் தரம் பார்க்கப்படும். நல்லவை துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டுச் சந்தைக்குப் போகும். தார்ப்பாய் விரித்துக் குவித்திருக்கும் அந்தக் கடையில் முழுக்கைச் சட்டையைத் தேடி எடுக்கும் பெண்களைக் கவனியுங்கள். கரும்பு வெட்டவும் சோளத்தட்டை அறுக்கவும் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள அது வேண்டும். சோகை கையை அறுக்காமல், வெயில் சுடாமல் காப்பது யாரோ ஓர் அலுவலகக்காரர் கழித்த சட்டை.

நீலச் சேலை சந்தைக்குத் தேறவில்லை. ஓரம் கிழிந்தது. அது கிலோ கணக்கில் கட்டாகி விவசாயியிடம் போகிறது.

சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 255 மீட்டர். ஐந்தரை மீட்டர்ச் சேலை என்றால் 47 வேண்டும், முடிச்சுக்கும் சேர்த்து 50. ஐம்பது பேர் உடுத்திய சேலை சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர் சோளத்துக்குக் காவல். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. காற்றில் ஆடும் துணியும் அதில் இருக்கும் மனித வாடையும் சில நாள் அதைத் தயங்கவைக்கும். பிறகு பழகிவிடும், கீழே தலையை நுழைத்து உள்ளே வந்துவிடும். விவசாயிக்கும் இது தெரியும். தெரிந்தும் கட்டுகிறார், ஏனென்றால் ஒரே இரவில் பன்றிக்கூட்டம் சாய்க்கும் சோளம் அவருடைய வருஷத்துப் பாடு. 2025 ஜனவரியில் தமிழக அரசு காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறை சுடலாம் என்று அறிவித்தது. மலையை ஒட்டிக் காடு வைத்திருப்பவருக்கு அந்த அறிவிப்பால் பெரிய ஆறுதல் இல்லை. சிலர் திருட்டுத்தனமாக மின்கம்பி இழுக்கிறார்கள். அதில் பன்றி மட்டும் சாவதில்லை. யானைகளும், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் செத்திருக்கிறார்கள். யாரையும் கொல்லாத வேலி என்பதாலேயே இந்தச் சேலைக்கு நான் கடன்பட்டவன்.

அறுவடை முடிந்ததும் சேலை குச்சியிலேயே நிற்கிறது. சித்திரை, வைகாசி வெயில் அதை நாராக உரிக்கும். ஆடி உழவில் டிராக்டர் அந்த நாரை மண்ணுக்குள் தள்ளும். பழந்துணியாய் மண்ணுக்குத் திரும்பிய பருத்தியை அந்த மண் தின்று தீர்த்தது. இதைத் தின்ன அதற்குத் தெரியாது. இழை பொடிப்பொடியாகும், அழியாது. கொளுத்தினால் நச்சுப்புகை.

அடிவாரத்து விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். சோளம் அறுத்த வாரத்திலேயே சேலைகளை அவிழ்த்து, சுருட்டி, மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டுவையுங்கள். வெயில் படாமல் இருந்தால் அடுத்த போகத்துக்கும் அதே சேலை நிற்கும்.