தடம்

டென்மார்க் ரயில் நிலையங்களில் நடைமேடை எண்ணோடு ‘ஸ்போர்’ என்ற சொல் வரும். பழைய நார்ஸ் மொழியில் அதற்குக் காலடித் தடம் என்று பொருள். இன்றைய டேனிஷில் விலங்கின் காலடி, தண்டவாளம், குற்றத்தின் தடயம் எல்லாமே ‘ஸ்போர்’தான். தமிழிலும் மணலில் கால் தடம், பேருந்துக்கு வழித்தடம், ரயில் விபத்து என்றால் ‘தடம் புரண்டது’.

கணினித் துறையின் ‘ட்ரேஸிங்’கும் இப்படித் தடத்தைப் பின்தொடரும் வேலைதான். ‘ட்ரேஸ்’ என்பதன் வேர், ‘இழு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. டென்மார்க்கில் பிறந்த யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ‘பிளாக்ட்ரேஸ்’ என்ற ட்ரேஸிங் கருவி 2006-இல் லினக்ஸ் கெர்னல் 2.6.17-இல் சேர்ந்தது. சராசரிக் கணக்கு மட்டும் காட்டும் கருவிகளில், வட்டு மெதுவாக இருக்கிறது என்பது தெரியும். தாமதம் எந்த இடத்தில் என்பது தெரியாது. பிளாக்ட்ரேஸ் வட்டுக்கான ஒவ்வொரு கோரிக்கையையும், கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பின்தொடர்கிறது: ‘க்யூ’ என்றால் வரிசைக்கு வந்தது, ‘டி’ என்றால் வட்டுக்கு அனுப்பியாயிற்று, ‘சி’ என்றால் முடிந்தது. க்யூவுக்கும் டிக்கும் இடையே நேரம் போனால் நெரிசல் கெர்னலுக்குள். டிக்கும் சிக்கும் இடையே போனால் தாமதம் வட்டின் பக்கம். எவ்வளவு தெளிவான விடை!

‘புரொஃபைலிங்’ வேறு. அது பெரும்பாலும் இடைவெளி விட்டு மாதிரி எடுத்து, நேரம் எங்கே செலவாகிறது என்ற மொத்த வடிவத்தைக் காட்டும். நூலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்து, இத்தாலியனில் ‘வெளிக்கோடு’ ஆன சொல் அது.

இரண்டையும் ‘கண்காணிப்பு’ என்று மொழிபெயர்ப்பது தவறு. ட்ரேஸிங்கைத் ‘தடமறிதல்’ என்றே எழுதுங்கள்.