டிஸ்க் பிரேக்கின் வரலாறும் பிக்கப் வண்டிக்கு ஏற்ற தேர்வும்

டிஸ்க் பிரேக் என்பது, சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இருபுறமும் உராய்வுக் கட்டைகளால் நெருக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தும் அமைப்பாகும். சுழலும் தட்டு ரோட்டர் எனப்படும். பட்டறைகளில் அதை வெறுமனே டிஸ்க் என்பார்கள். உராய்வுக் கட்டைகள் பிரேக் பேட் எனப்படும். அமெரிக்காவில் பாரம் ஏற்றவும் டிரெய்லர் இழுக்கவும் பயன்படும் பிக்கப் வண்டிகளுக்கு, தொழிற்சாலையில் பொருத்தியவற்றை விடத் திறன் மிக்க பேடும் ரோட்டரும் வாங்கி மாட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. எதை வாங்குவது என்ற கேள்விக்கான விடை, இப்பொருள்கள் உருவான வரலாற்றிலேயே இருக்கிறது.

வெப்பக் கணக்கு

பிரேக் வண்டியின் வேகத்தை அழிப்பதில்லை; வெப்பமாக மாற்றுகிறது. 2,500 கிலோ எடையுள்ள பிக்கப் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 9.6 லட்சம் ஜூல். இது 3 லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு செல்லப் போதுமான வெப்பம். சில விநாடிகளில் இதை நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் ஏற்க வேண்டும். எடை இரு மடங்கானால் வெப்பமும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பிரேக்கின் வரலாறு முழுவதும், இந்த வெப்பத்தை எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பது என்ற கேள்விக்குத் தேடிய விடைகளே.

தோலிலிருந்து அஸ்பெஸ்டாஸ் வரை

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு மோட்டார் வண்டியில் சென்றார். இறக்கங்களில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியைக் கொண்டு அவற்றின் மேல் தோல் அடித்துக்கொண்டார். மோட்டார் வண்டியின் முதல் பிரேக் லைனிங் என இது குறிப்பிடப்படுகிறது.

இங்கிலாந்தின் டெர்பிஷர் மலைப் பகுதியில், குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்சின் தோலைப் பிரேக் கட்டையில் செருகி இறக்கத்தில் இறங்குவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் கவனித்தார். 1897 முதல் அவர் பிரேக்குக்கான உராய்வுப் பொருள்களை உருவாக்கத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி, மனைவி எலிசபெத்தின் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த நிறுவனப் பெயரே ஃபெரோடோ. தொடக்கத்தில் பிசினில் ஊறிய பருத்தி நெசவு பயன்பட்டது. சூட்டில் பருத்தி கருகியதால் அஸ்பெஸ்டாஸ் இழை அதன் இடத்தைப் பிடித்தது.

காலத்தை முந்திய காப்புரிமை

1902ஆம் ஆண்டு பிர்மிங்காம் நகரின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத் தட்டைச் செம்புக் கட்டைகள் நெருக்கிய அந்த அமைப்பு காதைக் கிழிக்கும் ஓசை எழுப்பியது. அதே 1902இல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை வடிவமைத்தார். டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களைச் சுழற்சியே மேலும் அழுத்திக் கொடுப்பதால் குறைந்த மிதி விசையே போதும். தூசியும் சேறும் உள்ளே எளிதில் புகா. எனவே அடுத்த 50 ஆண்டுகள் டிரம் பிரேக்கே கோலோச்சியது.

அதன் குறை வெப்பத்தில் வெளிப்பட்டது. மூடிய டிரம்மில் சூடு தேங்குகிறது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. மிதி தரை வரை இறங்கியும் வண்டி நிற்காமல் போகிறது. டிஸ்க் காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறுகிறது. சூட்டில் தட்டு தடித்தாலும் பேடை நோக்கியே தடிக்கிறது.

1949இல் அமெரிக்காவின் குரோஸ்லி நிறுவனம் சிறு கார்களில் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தியது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பால் அரிப்பு ஏற்பட்டுப் பிரேக்குகள் இறுகிக்கொண்டன. விரைவிலேயே அது கைவிடப்பட்டது. பந்தயக் களத்தில்தான் திருப்பம் வந்தது. 1952இல் பிரான்சின் ரான்ஸ் நகரில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் காரில் ஸ்டர்லிங் மாஸ் வென்றார். 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இணை அதே வகைக் காரில் முதலிடம் பெற்றது. மற்றவர்கள் பிரேக்கைக் காப்பாற்றிக்கொள்ள முன்கூட்டியே வேகத்தைக் குறைத்த இடங்களில், இவர்கள் வளைவுக்கு அருகில் சென்று பிரேக் பிடிக்க முடிந்தது. 1955இல் சிட்ரோயன் டிஎஸ் கார் முன்சக்கர டிஸ்க் பிரேக்குடன் பெருமளவில் உற்பத்திக்கு வந்தது.

பிக்கப் வண்டிகளில்

பிக்கப் வண்டிகள் இம்மாற்றத்தைத் தாமதமாகவே ஏற்றன. ஜெனரல் மோட்டார்சின் செவ்ரோலே, ஜிஎம்சி இலகுரக டிரக்குகளில் 1971 மாதிரியிலிருந்து முன்சக்கர டிஸ்க் பிரேக் நிலையானது. பின்சக்கரங்களில் டிரம் நெடுங்காலம் நீடித்தது. டொயோட்டா டகோமாவில் 2023 மாதிரி வரை பின் டிரம் இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. காலிப் பிக்கப்பின் பின்பகுதியோ ஏற்கனவே இலேசானது. ஆகவே நிறுத்தும் வேலையின் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே சேர்கிறது. பாரம் ஏற்றினால் இக்கணக்கு மாறும். அதனால் பல பிக்கப்புகளில், பின்பாரத்திற்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு அமைக்கப்பட்டது.

உயிர் குடித்த தூசி

வெப்பத்தைத் தாங்கிய அஸ்பெஸ்டாஸ் நுரையீரலைக் கெடுத்தது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அஸ்பெஸ்டாஸ் நூல் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா 1924இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, இறந்தார். அவரது மரண விசாரணை இந்நோயை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1931இல் பிரிட்டனில் ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. ஆனால் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள், டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசியை ஊதிய மெக்கானிக்குகள் அதைச் சுவாசித்துக்கொண்டே இருந்தனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989இல் விதித்த தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் நீக்கியது. பிரேக் லைனிங்கையும் உள்ளடக்கிய கிரிசோடைல் அஸ்பெஸ்டாஸ் தடை 2024இல்தான் வந்தது.

அஸ்பெஸ்டாஸ் விட்ட இடத்தை மூன்று வகைப் பேடுகள் நிரப்பின. கரிம வகை மென்மையானது, ஓசை குறைந்தது. அதிகச் சூட்டில் பிடிப்பு தளரும். எஃகு இழையும் இரும்புத் தூளும் கலந்த அரை உலோக வகை சூட்டைத் தாங்கும். ஓசையும் ரோட்டர் தேய்மானமும் சற்று அதிகம். 1980களில் ஜப்பானில் வளர்ந்த செராமிக் வகை அமைதியானது, சக்கரத்தில் படியும் கருந்தூசி குறைவு. பேடிலிருந்து உதிரும் செம்பு ஓடைகளில் கலந்து மீன்களைப் பாதிப்பதால், 2010இல் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் செம்பைக் குறைக்கச் சட்டம் இயற்றின.

துளையும் பள்ளமும்

கடைகளில் கண்ணைக் கவரும் துளையிட்ட ரோட்டரும் பந்தயத்திலிருந்து வந்ததே. அக்காலப் பேடுகளின் பிசின் சூட்டில் வாயுவை வெளிவிட்டது. அது பேடுக்கும் தட்டுக்கும் இடையே சிக்கிப் பிடிப்பைக் குறைத்தது. வாயு வெளியேறவும் எடை குறையவும் துளைகள் இடப்பட்டன. போர்ஷே 917 பந்தயக் கார் இதற்குப் புகழ்பெற்றது. இன்றைய பேடுகளில் அச்சிக்கல் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் துளை தட்டின் இரும்பைக் குறைக்கிறது. கடும் சூட்டில் விரிசல் துளையின் விளிம்பிலிருந்தே தொடங்குகிறது. பாரம் இழுக்கும் வண்டிக்கு வேண்டியது சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பு. எனவே நடுவில் காற்றுப் பாதை கொண்ட துளையற்ற ரோட்டரோ, மேலோட்டமான பள்ளங்கள் மட்டும் வெட்டிய ரோட்டரோ பொருத்தமானது.

தேர்வு செய்யும் முறை

முதலில் தெளிய வேண்டியது ஒன்று. நல்ல நிலையிலுள்ள பிரேக்கை அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்றால், அந்த ஒருமுறை நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பே. விலையுயர்ந்த பேட் அதைப் பெரிதாகக் குறைக்காது. பத்தாவது முறை மிதிக்கும்போதும் முதல் முறை போலவே பிடிப்பதில்தான் அதன் பயன் தெரியும். ஆகவே, ஊருக்குள் காலியாக ஓடும் பிக்கப்புக்குத் தரமான செராமிக் பேடும் சாதாரண ரோட்டரும் போதும். டிரெய்லர் இழுப்பதற்கும் மலைப்பாதைக்கும் அரை உலோகப் பேடு ஏற்றது. பெரிய டயர் மாட்டினால் பிரேக்கின் சுமை கூடும்: 31 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்கு மாறினால் அதே நிறுத்தத்துக்கு ஏறத்தாழ 13 சதவீதம் கூடுதல் திருப்புவிசை தேவை. அப்போது விட்டம் பெரிய ரோட்டர் பொருளுள்ள மாற்றமாகும்.

அமெரிக்கப் பேடுகளின் ஓரத்தில் அச்சிட்ட இரண்டு ஆங்கில எழுத்துகளில் முதலாவது மிதமான சூட்டிலும், இரண்டாவது கடும் சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். 'எஃப்' என்றால் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாம் எழுத்து முதல் எழுத்தைவிடத் தாழ்ந்திருந்தால், சூட்டில் பிடிப்பு தளரும் என்று பொருள். ரோட்டரின் மேல் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்ததை மாற்றியே ஆக வேண்டும். பிரேக் திரவத்தையும் மறக்கலாகாது. புதிய டாட் 3 திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. ஈரம் உறிஞ்சியபின் அது 140 டிகிரியாக இறங்கலாம். திரவம் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் எந்தப் பேடும் உதவாது.

மலை சொல்லும் பாடம்

கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் சிகரம் 4,302 மீட்டர் உயரமுடையது. உச்சி வரை சாலை உண்டு. இறங்கும் வண்டிகளை, சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள கிளென் கோவ் என்னுமிடத்தில் நிறுத்திப் பிரேக்கின் சூட்டை அளக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சியிருந்தால் ஆறும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். நமது 2,500 கிலோ வண்டி அந்த 800 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ 1.96 கோடி ஜூல். 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 முறை நிறுத்துவதற்கு இது சமம். இதை முழுவதும் பிரேக்கின் மேல் சுமத்தினால் எந்த ரோட்டரும் திணறும். கீழ் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜினே ஏற்றுக்கொள்ளும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதன் பங்கை அதுவே சுமக்கும். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு அமெரிக்க மாநிலங்கள் பல இதைக் கட்டாயமாக்கியுள்ளன.

பெர்த்தா பென்ஸ் தோல் அடித்தது தம் கண்முன் தேய்ந்த கட்டைக்காக; ஜாகுவார் டிஸ்க் மாட்டியது பந்தயத்தின் சூட்டுக்காக. பிக்கப் உரிமையாளரும் அவ்வாறே, தம் வண்டி எங்கே, எவ்வளவு பாரத்தோடு சூடேறுகிறது என்பதை முதலில் கணக்கிட்டுப் பிறகு கடைக்குச் செல்வது நல்லது.